மூன்றாவது நோட்டு

தம்பி, அந்தப் போனைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாயுங்கள். பிடுங்கிக்கொள்ள மாட்டேன், பயப்படாதீர்கள். பக்கத்தின் கீழ் ஓரத்தில் ஒரு பெருவிரல் தெரிகிறதா? நகத்தின் நடுவில் கறுப்பாக ஒரு கோடு? இதோ, என் விரலைப் பாருங்கள். அதே கோடு. தென்காசியிலிருந்து தலையை நிமிர்த்தாமல் படித்துக்கொண்டு வருகிறீர்களே, அந்த நோட்டுகளைப் படம் எடுத்து உலகத்துக்குக் கொடுத்தவன் நான்தான். கோமதிநாயகம். நாயகம் தோழர் என்று கேட்டால் ஆலங்குளம் வட்டாரத்தில் பீடி சுற்றுகிற எந்த வீட்டிலும் சொல்வார்கள்.

உங்களுக்கு யார் அனுப்பினார்கள்? ஆபீஸ் வாட்ஸப் குழுவிலா? சும்மாதானே வந்தது? அதுதான். அதைத்தான் கேட்க நினைத்தேன். ஒரு பீடிக்காரி எழுதியது ஒரு ஆபீஸ்காரர் கைக்கு, ஓடுகிற பஸ்ஸில், ஒருவரையும் கேட்காமல் வந்து சேர்கிறது. இது சின்ன விஷயமா?

எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள்? நூற்று இரண்டா? அடுத்து நூற்றுப் பதினைந்து வரும். உங்கள் போனில் கோளாறு ஒன்றும் இல்லை. நடுவில் பன்னிரண்டு பக்கம் கிடையாது. அதைத்தான் சொல்லப் போகிறேன். திருநெல்வேலி வரைக்கும்தானே? நானும் அங்கேதான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், தம்பி. மீதிப் படிப்பெல்லாம் துண்டறிக்கை. கால் தாளில் இரண்டு பக்கம் அச்சு; அதில் சொல்ல முடியாத விஷயம் உலகத்தில் கிடையாது. நானே முந்நூறுக்கு மேல் எழுதியிருக்கிறேன். ஒன்றிலும் என் பெயர் இருக்காது. கீழே அச்சகத்தின் பெயர் இருக்கும், அது சட்டம். எழுதியவன் பெயர் போடுகிற வழக்கம் எங்களிடம் இல்லை. கூட்டத்தில் ஒரு காகிதத்தை என் கையில் கொடுத்தால் அது சங்கத்துக்குக் கொடுத்த மாதிரி. அப்படி வளர்ந்தவன் நான்.

அறுபத்தெட்டு வயதில் போனில் படம் எடுக்கவும், அதைக் கோத்து ஒரே புத்தகமாக்கவும், இணையத் தளத்தில் ஏற்றவும் கற்றுக்கொண்டேன். ஆயிரத்து முந்நூற்று நாற்பது புத்தகம் ஏற்றியிருக்கிறேன். நாயகம் பொது நூலகம். ஒவ்வொரு பக்கத்திலும் மூலையில் முத்திரை இருக்குமே, பார்த்தீர்களா? சில பதிப்பாளர்கள் போனில் கத்துவார்கள். "ஓய், நீர் செய்வது திருட்டு" என்பார்கள். "அச்சுக் கோத்தவனும் தொழிலாளி, தாளைச் செய்தவனும் தொழிலாளி, திருடன் யார்?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அந்த நோட்டுகளை எழுதிய முப்பிடாதியின் கதைக்கு வருகிறேன்.

பீடி சுற்றுவதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? பொம்பளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு வராந்தாவில் மடியில் தட்டோடு வட்டமாக உட்காருவார்கள். கைக்கு வேலை, கண்ணுக்கும் வேலை. காது சும்மா இருக்கும். அதனால் ஒருத்தி வேலையை நிறுத்திவிட்டுப் பேப்பரோ தொடர்கதையோ வாசிப்பாள். வாசிக்கிறவளுக்கு அன்றைக்கு வேலை போய்விடுமே? அதற்காக மற்றவர்கள் ஆளுக்கு இருபத்தைந்து பீடி சுற்றி அவள் தட்டில் போட வேண்டும். எழுதாத சட்டம். எந்தப் பீடிக் கம்பெனி ஏஜென்டாலும் இதை மாற்ற முடிந்ததில்லை. முப்பிடாதி அப்படி வாசிக்கிறவள். அஞ்சாம் வகுப்புதான். ஆனால் அவள் வாசித்தால் பொம்பளைகள் சிரிக்கிற இடத்தில் சிரிப்பார்கள், அழுகிற இடத்தில் அழுவார்கள்.

எண்பத்தொன்பதில் நாங்கள் வேலைநிறுத்தம் செய்தோம். நாற்பத்தாறு நாள். ஆயிரம் பீடி கொண்டுபோனால் ஏஜென்ட் நூறைக் கழிவு என்று தள்ளுவான். தள்ளியதை ஒடித்துப் போடுவானா? மாட்டான். அதையும் கட்டி லேபிள் ஒட்டி அனுப்பிவிடுவான். அவள் சுற்றியது, அவன் பெயரில் போகும். உழைத்தவளைக் கேட்காமல் அவள் உழைப்பை எடுத்துக்கொள்வது எவ்வளவு பெரிய அயோக்கியத்தனம் என்று நான் எழுதிய துண்டறிக்கையை இன்றைக்கும் மனப்பாடமாகச் சொல்கிற கிழவிகள் இருக்கிறார்கள்.

அந்த நாற்பத்தாறு நாளில் முப்பிடாதி எழுதியதுதான் அந்த ஐந்து நோட்டு. எழுதி டிரங்குப் பெட்டியில் போட்டுவிட்டாள். முப்பத்துச் சொச்சம் வருஷம் ஒருவருக்கும் தெரியாது. போன வருஷம் தை மாதம் ஒரு துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு சங்க ஆபீசுக்கு வந்தாள்.

"அண்ணாச்சி, தேதியெல்லாம் சரியா இருக்கான்னு பாத்துக் குடுங்க. புஸ்தகமாப் போடணும்னு ஒரு ஆசை."

தோழர் என்று அவள் வாயில் ஒரு நாளும் வராது. அண்ணாச்சிதான்.

"போட்டுருவோம், தாயி" என்றேன்.

"மூணாவது நோட்டைப் போட மாட்டேன். அது எனக்காக எழுதினது. மத்த நாலும் சரியா வந்தா யோசிக்கணும். இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல. அதுவரைக்கும் பத்திரமா வச்சிருங்க."

பத்திரமா வச்சிருங்க. இதுதான் அவள் சொன்னது. நீங்களே சொல்லுங்கள், ஐந்து பழைய நோட்டு எங்கே பத்திரமாக இருக்கும்? என் ஆபீசில் கரையான் இருக்கிறது. மழை ஒழுகுகிறது. ஒரு பிரதி எரியும், நனையும். பத்தாயிரம் பிரதியை எவனால் எரிக்க முடியும்? நாலு நாளில் படம் எடுத்து ஏற்றிவிட்டேன். ஐந்தையும். அதைவிடப் பத்திரம் இந்த உலகத்தில் இல்லை.

பத்தாம் நாள் வந்து நின்றாள். யாரோ பக்கத்து வீட்டில் போனில் காட்டியிருக்கிறார்கள். அன்றைக்கு வரைக்கும் நாற்பத்தொரு பேர்தான் இறக்கியிருந்தார்கள். கணக்கு தளத்தில் தெரியும்.

"என்ன அண்ணாச்சி இப்பிடிச் செஞ்சிட்டீய?"

"உன்னை உலகத்துக்குக் காட்டியிருக்கேன். உட்காரு. காபி சொல்லட்டுமா?"

"மூணாவதை எடுத்துருங்க."

"ஏன்?"

"உங்களுக்குத் தெரியாதா ஏன்னு?"

தெரியும். மூன்றாவது நோட்டில் அந்தப் பிள்ளை விஷயம் இருக்கிறது. வேலைநிறுத்தத்தின் முப்பத்தொன்றாம் நாள், நாலு மாதக் கைப்பிள்ளையைக் கடையத்தில் ஒரு போஸ்டாபீஸ் கிளார்க் வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். அவர்களுக்குப் பிள்ளை கிடையாது. கிளார்க் வீட்டம்மா பெயர் சங்கரவடிவு. எழுதித் தத்து எடுத்துக்கொண்டார்கள். பெண்பிள்ளை. நித்யகல்யாணி என்று அந்த ஊர் அம்மன் பெயரை வைத்து, படிக்கவைத்து, இப்போது தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்க்கிறது. அது தன்னைச் சங்கரவடிவு பெற்ற பிள்ளை என்றே நினைத்துக்கொண்டிருந்தது.

"அந்தம்மா கையில அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கேன் அண்ணாச்சி, உசுரு போற வரைக்கும் பிள்ளைட்ட சொல்ல மாட்டேன்னு. நோட்டுல ஊரு இருக்கு, தெரு இருக்கு, போஸ்டாபீஸ்காரர் பேரு இருக்கு. அவ கண்ணுல படக் கூடாது. மத்த நாலும் அப்பிடியே கிடக்கட்டும். என் பேரைக்கூட எடுத்துருங்க. மூணாவதை மட்டும் எடுங்க. உங்க தங்கச்சி மாதிரி நெனச்சுக்கிடுங்க."

எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகாது, தம்பி. ஒரு அமுக்கு. எனக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் கொள்கை என்று ஒன்று இருக்கிறதே? இன்றைக்கு இவளுக்காக ஒரு நோட்டை எடுத்தால் நாளைக்குப் பதிப்பாளன் வந்து அவன் புத்தகத்தை எடு என்பான். அப்போது எந்த முகத்தோடு மாட்டேன் என்று சொல்வது? எழுதி முடித்த எழுத்து எழுதியவருக்குச் சொந்தம் இல்லை, மக்களுக்குச் சொந்தம். இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அரை மணி நேரம் சொன்னேன்.

முடித்ததும் அவள், "சரி அண்ணாச்சி, எடுத்துருவீயல்லா?" என்றாள்.

அவ்வளவுதான் அவளுக்குப் புரிந்தது. பிறகு காலில் விழப் பார்த்தாள். காலில் விழுகிற வழக்கத்தை ஒழிப்பதற்கென்றே ஒரு துண்டறிக்கை எழுதியவன் நான். காலை இழுத்துக்கொண்டேன்.

அடுத்து என்ன செய்தாள் தெரியுமா? நோட்டீஸ் அனுப்பினாள். வக்கீல் நோட்டீஸ்! இலவச சட்ட உதவி மையத்தில் போய் உட்கார்ந்து, பதிப்புரிமை, ஆசிரியரின் அனுமதி, பதினைந்து நாள் கெடு என்று எழுதி வாங்கி, பதிவுத் தபாலில். முப்பத்தைந்து வருஷம் ஒரே கொடியின் கீழ் நின்றவள். ஏஜென்ட்கூட எனக்கு நோட்டீஸ் அனுப்பியதில்லை, அடியாளைத்தான் அனுப்பினான். அதில் ஒரு மரியாதை இருந்தது. "என் கட்சிக்காரருக்குச் சொந்தமான" என்று நோட்டீசில் ஒரு வரி. சொந்தமான! அந்தச் சொல்லின் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு போட்டேன், தம்பி. கோபத்தில்.

கோபம் வந்தால் நான் கத்துகிற ஆள் கிடையாது, எழுதுகிற ஆள். அன்றைக்கே எழுதினேன். 'எழுத்துக்கு வேலியா?' என்று தலைப்பு. ஊருக்குப் பொதுவான கிணற்றில் ஒருத்தி தன் வாளிதான் முதலில் விழுந்தது என்று பூட்டுப் போடலாமா? போராட்டத்தில் சிந்திய கண்ணீருக்குப் பட்டா கேட்கலாமா? இப்படிப் போகும். நல்ல துண்டறிக்கை. என் ஆகச் சிறந்த ஐந்தில் ஒன்று. அவள் பெயரைப் போடவில்லை. 'ஒரு முன்னாள் தோழி' என்றுதான் போட்டேன். அந்த நாகரிகம் எனக்கு உண்டு. கடைசி வரியாக, 'நம் கதை நம் வட்டத்தில் ஒலிக்கட்டும், வாசியுங்கள்' என்று போட்டு, தளத்தின் முகவரியையும் கொடுத்து, அவள் ஊரில் பீடி சுற்றுகிற எல்லா வீட்டுக்கும் நானே நடந்து போய்க் கொடுத்தேன்.

அவள் வட்டத்தில் இப்போது வாசிக்கிறவள் மாரிச்செல்வி. கண் மங்கியதிலிருந்து முப்பிடாதி வாசிப்பதில்லை, சுற்றுவதோடு சரி. மாரிச்செல்விதான் என்னிடம் வந்து சொன்னாள். நான் கேட்காமலே வந்து சொன்னாள்.

"உங்க துண்டு நோட்டீசைப் பாத்துட்டுப் போன்ல எடுத்தேன் தோழர். முப்பிடாதி அத்தை எதுத்தாப்பலதான் இருக்கு. 'அத்தை, நீ எழுதினதாமே, வாசிக்கட்டா?'ன்னேன். ஒண்ணும் சொல்லல. வாசிச்சேன். மொத நோட்டுல எல்லாரும் சிரிச்சோம். ஏஜென்ட் வேட்டி அவுந்து ஓடுன கதையெல்லாம் வருதுல்லா? மூணாவதுல அந்தப் பிள்ளை கதை வந்ததும் எல்லாரும் அத்தையையே பாத்தாவ. 'ஏளா, வித்தா போட்டே?'ன்னு வட்டத்துல ஒரு கிழவி கேட்டுட்டா. அத்தை தலையக் குனிஞ்சு சுத்திக்கிட்டே இருந்திச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வாசிச்சு முடிச்சதும் எல்லாரும் இருவத்தஞ்சு இருவத்தஞ்சா என் தட்டுல போட்டாவ. அத்தையும் எண்ணிப் போட்டுச்சு."

"போட்டாளா?"

"போட்டுச்சு தோழர். இருவத்தஞ்சும் சரியா இருந்துச்சு. ஒண்ணுகூட கழிவு இல்ல."

பார்த்தீர்களா? தன் கதையைத் தானே உட்கார்ந்து கேட்டு, வாசித்தவளுக்குக் கூலியும் கொடுத்திருக்கிறாள். வழக்கத்தை மீறவில்லை. நோட்டீஸ் அனுப்பியவள் என்றாலும் அந்த ஒழுக்கம் நான் வளர்த்த ஒழுக்கம். கேட்டபோது எனக்கு ஒரு பெருமைதான் வந்தது.

அதற்குப் பிறகு அவள் வட்டத்துக்குப் போகவில்லையாம். தனியாக வீட்டுக்குள் உட்கார்ந்து சுற்றினாளாம். போகட்டும். மூன்றாம் தடவை என்னிடம் வந்தபோது ஆறாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். "இப்போ நானே நினைச்சாலும் முடியாது, முப்பிடாதி. எங்கெங்கேயோ போயிட்டுது" என்றேன். உண்மைதானே?

"முடியுற அன்னைக்கு மாட்டேன்னீயளே" என்றாள்.

எழுந்தாள். போய்விட்டாள்.

எங்கெங்கேயோ போனது என்றேன் இல்லையா? அதில் ஒரு அயோக்கியத்தனத்தைக் கேளுங்கள். ஒரு கும்பல் என் படங்களையே எடுத்து, மூலையில் இருந்த என் முத்திரையை அழித்துவிட்டு, அவர்கள் முத்திரையைப் போட்டுச் சுற்றில் விட்டிருக்கிறது. நாலு நாள் முதுகு ஒடியப் படம் எடுத்தவன் நான்! ஒரு வார்த்தை கேட்டார்களா? எழுதிக் கேட்டேன். 'எல்லாம் பொதுதானே ஐயா' என்று பதில் போடுகிறான் ஒருவன், ஒரு சிரிப்புப் பொம்மையும் சேர்த்து. திருட்டுப் பயல்கள். நாட்டில் சட்டம் என்று ஒன்று இருந்தால் இவர்களை உள்ளே வைக்க வேண்டும்.

இப்போது நூற்று இரண்டாம் பக்கத்தின் கடைசி வரியைப் பாருங்கள். 'ஏன் கொடுத்தேன் என்றால்' என்று இருக்கும். இருக்கிறதா? அடுத்த பக்கத்துக்குப் போங்கள். நூற்றுப் பதினைந்து. 'மறுநாள் அரிசி வந்தது. வயிறு நிறையச் சாப்பிட்டோம்.' உச்சுக் கொட்டுகிறீர்களே. எல்லாரும் இந்த இடத்தில்தான் உச்சுக் கொட்டுகிறார்கள். ஒரு பேராசிரியர் எழுதியிருக்கிறார், பிள்ளையைக் கொடுத்ததற்கும் அரிசிக்கும் நடுவே அந்தப் பெண் விட்டிருக்கிற மௌனம் பெரிய பெரிய எழுத்தாளர்களுக்குக்கூட வாய்க்காது என்று. எனக்குச் சிரிப்புதான். அந்த மௌனத்தைச் செய்தவன் நான். ஆறு தாள், பன்னிரண்டு பக்கம். படம் எடுப்பதற்கு முன்னால் நோட்டிலிருந்தே கிழித்துத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். நோட்டை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தபோதும் அது இல்லாமல்தான் கொடுத்தேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். அதில் இருந்தது தனிப்பட்ட விஷயம், தம்பி. என்னைப் பற்றியது.

உங்களிடம் சொல்வதற்கு என்ன? நீங்கள் யாரோ, நான் யாரோ. அப்போது நான் போராட்டக் குழுவின் செயலாளர். வெளியூர்ச் சங்கங்கள் அனுப்பிய அரிசி மூட்டைகள் என் பொறுப்பில் இருந்தன. குழு போட்ட தீர்மானம், கருங்காலி வீட்டுக்கு அரிசி கிடையாது. அவள் புருஷன் சுடலைமுத்து பசி தாங்காமல் ஏஜென்ட் கோடவுனில் திருட்டுத்தனமாகப் பீடி இலை வெட்டப் போய்விட்டான். மூன்று நாள். அதற்கு அவள் என்ன செய்வாள் என்று நீங்கள் கேட்கலாம். தீர்மானத்தில் 'வீட்டுக்கு' என்றுதான் இருக்கிறது, 'ஆளுக்கு' என்று இல்லை. பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்து நின்றாள். பால் வற்றிவிட்டது என்றாள். ஒரு படி கேட்டாள். நான் தீர்மானத்தை வாசித்துக் காட்டினேன்.

'நாயகம் அண்ணாச்சி என்னைப் பார்த்துக்கொண்டே மூட்டையின் வாயைக் கட்டினார்' என்று எழுதியிருக்கிறாள். கட்டாமல் என்ன செய்வது? எலி வந்துவிடாதா? எல்லாரும் கட்டுகிற மாதிரிதான் கட்டினேன். அவளைப் பார்த்துக்கொண்டு கட்டினேனா, மூட்டையைப் பார்த்துக்கொண்டு கட்டினேனா என்று இன்றைக்கு யார் நிரூபிப்பது?

கடையத்துக்காரர்களைப் பற்றிச் சொன்னதும் நான்தான். அதையும் எழுதியிருக்கிறாள். 'கொடுத்துவிடு, போராட்டம் ஜெயித்தால் எல்லாப் பிள்ளையும் நம் பிள்ளைதான் என்றார்' என்று. சொன்னேன். அதில் என்ன தப்பு? கைப்பிள்ளை இல்லாவிட்டால் அவளால் மறியலில் நிற்க முடியும். நின்றாள். ஜெயித்தோம். அவள் பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்த அன்றைக்குச் சாயங்காலம் சுடலைமுத்து பொதுக்கூட்டத்தில் மன்னிப்புக் கேட்டான். மறுநாள் காலையில் சங்கமே அரிசி அனுப்பியது. நான்தான் அளந்து அனுப்பினேன். அதைத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டோம் என்று எழுதியிருக்கிறாள். ஒரு நாள் முன்னே பின்னே. அவ்வளவுதான் விஷயம்.

இதை வெளியில் விட்டால் யாருக்கு லாபம்? எதிரிக்கு. இயக்கத்தின் உள்விவகாரம். அதோடு, என் பெயரை என்னைக் கேட்காமல் எழுதியிருக்கிறாள். எனக்கும் ஒரு உரிமை இருக்கிறதா இல்லையா?

சீதபற்பநல்லூர் வந்துவிட்டதா? இன்னும் கொஞ்சம்தான். சொல்லிவிடுகிறேன்.

ஆவணி மாதம் முப்பிடாதிக்கு வாதம் வந்தது. வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. இதற்கும் நோட்டுக்கும் சம்பந்தம் இல்லை, அவளுக்குச் சர்க்கரை வியாதி. திருநெல்வேலி ஐகிரவுண்டு பெரியாஸ்பத்திரியில் போட்டார்கள். முதல் தடவை பிழைத்து வந்தாள். போன மாதம் திரும்பவும் போட்டிருக்கிறார்கள்.

அந்தப் பெண் நித்யகல்யாணி வந்தது அதற்குப் பிறகுதான். வேலை பார்க்கிற இடத்தில் யாரோ, உங்கள் பக்கத்துக் கதை என்று அனுப்பியிருக்கிறார்கள். ஆசையாகப் படித்திருக்கிறது. கடையம் வந்ததும் சந்தோஷம். தெரு வந்ததும் சந்தோஷம். பிறகு அப்பா பெயர் வந்திருக்கிறது, அது பிறந்த வருஷம் வந்திருக்கிறது. சங்கரவடிவிடம் போய்க் கேட்டதற்கு அந்தம்மா ஒன்றும் மறைக்கவில்லையாம். "சத்தியத்தைத் தின்னுட்டாளே அந்தப் பாவி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாளாம். பிறகு ஐகிரவுண்டுக்கு இதுவே போய்ப் பார்த்திருக்கிறது. முப்பிடாதி இதன் முகத்தைப் பார்த்து இடது கையால் தன் தலையிலேயே அடித்துக்கொண்டாளாம். வேறு ஒன்றும் முடியவில்லை.

என் ஆபீசுக்கு வந்து எதிரில் உட்கார்ந்தது. அச்சு அசல் முப்பிடாதிதான். அதே மூக்கு.

"ஐயா, நூத்திரெண்டுக்கும் நூத்திப்பதினஞ்சுக்கும் நடுவுல இருக்கிறது உங்ககிட்ட இருக்கா?"

பேராசிரியர்கூடக் கேட்காத கேள்வி, தம்பி. ஆய்வகத்தில் வேலை பார்க்கிற பெண் இல்லையா? எண்களைச் சரியாகப் பார்த்திருக்கிறது.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நான் பொய் சொல்கிறவன் கிடையாது. "இருக்கு" என்றேன்.

"எனக்கு ஒரே ஒரு விஷயம் தெரிஞ்சாப் போதும். வித்தாங்களா, குடுத்தாங்களா? இதுல படிச்சா அரிசிக்கு வித்த மாதிரி இருக்கு. அவங்களைக் கேட்டா அழுறாங்க. ஆமான்னு அழுறாங்களா இல்லன்னு அழுறாங்களான்னு எனக்குத் தெரியல. அவங்க எழுதினது உங்ககிட்ட இருக்கு. ஊருக்குக் காட்ட வேண்டாம். நான் மட்டும் படிச்சிட்டு இங்கேயே வச்சிட்டுப் போயிருதேன்."

"அது வெளியிடாத பகுதி, அம்மா. ஆசிரியரோட அனுமதி இல்லாம யாருக்கும் காட்ட முடியாது. எழுத்துல அனுமதி வேணும்."

"அவங்களுக்குக் கை வராதே, ஐயா."

"அப்போ வாரிசு கையெழுத்து."

"நான் யாரு?"

"நீ சட்டப்படி தத்துப் போன பிள்ளை. இந்த வாரிசுல வர மாட்டே. நான் சொல்லல, சட்டம் சொல்லுது."

"ஆறாயிரம் பேருக்கு அனுமதி இல்லாமக் குடுத்தீங்களே, ஐயா" என்றது. குரலை உயர்த்தவில்லை. நல்ல வளர்ப்பு.

"அது பொதுவானது. இது தனிப்பட்டது" என்றேன். வித்தியாசம் அதற்குப் புரியவில்லை. சின்ன வயது. முப்பத்தைந்து எல்லாம் ஒரு வயதா?

அது போன பிறகும் விடவில்லை. போன் போட்டது. கடிதம் போட்டது. போன வாரம் பேசும்போது, "ஞாயித்துக்கிழமை ஆஸ்பத்திரில இருப்பேன், நீங்க வாங்க. நீங்களே அவங்க முன்னால அந்தப் பக்கத்தை வாசிங்க. இடது கையைத் தூக்கினாங்கன்னா எனக்குக் குடுங்க. தூக்கலைன்னா நீங்களே திருப்பிக் கொண்டுபோயிருங்க" என்றது. டாக்டர் நாள் எண்ணிவிட்டார் போல. அழுதது.

நான் கல்நெஞ்சன் இல்லை, தம்பி. மூன்று நாள் யோசித்தேன். முப்பிடாதி என்னிடம் உண்மையில் என்ன கேட்டாள் என்று யோசித்தேன். மூன்று தடவை வந்தாள். மூன்று தடவையும் ஒன்றைத்தான் கேட்டாள். மூன்றாவது நோட்டை இல்லாமல் ஆக்கிவிடுங்கள், அந்தப் பிள்ளை கண்ணில் படக் கூடாது என்று. வக்கீல் நோட்டீசிலும் அதுதான் இருக்கிறது, எடுத்து வாசித்துப் பார்த்தேன். நான் இவ்வளவு நாள் கொள்கைக்காகப் பிடிவாதமாக இருந்துவிட்டேன். சாகக் கிடக்கிறவளிடம் என்ன கொள்கை? தளத்தில் இருப்பதை இனி ஒன்றும் செய்ய முடியாது. என் கையில் இருப்பதைச் செய்யலாம் இல்லையா?

நேற்றுக் காலையில் ஆபீஸ் பின்பக்கம் வைத்து ஆறு தாளையும் கொளுத்திவிட்டேன். படம்கூட எடுத்து வைக்கவில்லை. அந்த விஷயத்தில் நான் நேர்மையானவன். பழைய காகிதம், சட்டென்று பிடித்துக்கொண்டது.

பேட்டை தாண்டிவிட்டோம். பையை எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும், ஐகிரவுண்டுக்கு. அவளுக்கு வாய்தான் போயிருக்கிறது, காது நன்றாகக் கேட்கிறது என்று நர்ஸ் சொன்னாள். அவள் கேட்டதைச் செய்து முடித்துவிட்டேன் என்று நானே நேரில் போய்ச் சொல்வதுதான் முறை. இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை இல்லையா, அந்தப் பெண்ணும் அங்கேதான் இருக்கும். இரண்டு பேருக்கும் ஒரே தடவையாகச் சொல்லிவிடலாம்.